காதை மட்டும் நம்பினால் குடலும் எலும்பாகும்

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மருத்துவ ட்ரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே அமெரிக்க டொக்டர்களின் ஒலிப்பதிவுகளைத் தட்டச்சுச் செய்து கொடுக்கிறேன். இப்போது பெரும்பாலும் கணினி தானாகக் கேட்டு எழுதிய வரைவைத் திருத்தும் வேலைதான் வருகிறது. சில சொற்கள் எத்தனை தடவை கேட்டாலும் பிடிபடுவதில்லை. பிடிபட்டாலும் எழுத்துக்கூட்டல் தெரியாததால் அகராதியில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டில் எது என்று தடுமாறுகிறேன். வெற்றிடம் விட்டால் 'வெற்றிடம் கூடிப்போச்சு', எழுதினால் 'பிழையான சொல்' என்று தரம் பார்ப்பவர் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒரு சிக்கல் என்று எழுதியிருப்பதில் மூன்று இருக்கின்றன. காதில் விழாத சொல் ஒன்று. விழுந்தும் எழுத்துக்கூட்டல் தெரியாத சொல் இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தும் எது என்று முடிவாகாத சொல் மூன்றாவது. மூன்றுக்கும் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது என்ற ஒரே வழியைத்தான் பார்க்கிறீர்கள். முதலாவதற்கு அது ஓரளவு உதவும். மூன்றாவதற்கு உதவவே உதவாது.

ஏன் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் டிக்டேட் செய்த பதிவுகள் இன்னமும் நிறைய வருகின்றன. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' போன்ற உரசொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. டிஸ்ஃபேஜியாவா (விழுங்க முடியாமை) டிஸ்ஃபேஷியாவா (பேச்சுக் குலைவு) என்று நீங்கள் தேடும் வித்தியாசம் பதிவிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அதை எத்தனை தடவை கேட்டும் பயனில்லை.

ஆகவே முதல் தடவை பிடிபடாத இடத்தில் நிற்காதீர்கள். ஓர் அடையாளம் போட்டு, நேரத்தைக் குறித்துவிட்டு, அறிக்கையின் கடைசி வரை போங்கள். முன்கதையில் டொக்டர் விழுங்கிய சொல்லை, முடிவுப் பகுதியிலோ சிகிச்சைத் திட்டத்திலோ நிறுத்திச் சொல்லியிருப்பார். சத்திரசிகிச்சை அறிக்கையென்றால் தலைப்பிலேயே நோயின் பெயரும் சிகிச்சையின் பெயரும் இருக்கும். பிறகு திரும்பி வந்து, அந்தச் சொல்லுக்கு ஐந்து விநாடி முன்னாலிருந்து கேளுங்கள். வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைக்கலாம். 70-க்குக் கீழே போனால் மெய்யொலிகள் குழைந்துவிடும். இழுத்து இழுத்துக் கதைக்கிற டொக்டருக்கு மாறாக 110, 120 என்று கூட்டிப் பாருங்கள், சொல் கூடி வரும். ஹெட்போனில் பேஸ் கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள். பாட்டுக் கேட்க வாங்கிய ஹெட்போன்கள் அடித்தொனியைத் தூக்கி உரசொலிகளை மூடிவிடுகின்றன. இந்த மூன்று சுற்றோடு காதின் வேலை முடிந்தது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். அகராதியில் கிடைக்காத சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க வேர் கொண்டவை. அவற்றின் முதலெழுத்து காதுக்குக் கேட்காது. 'ந' என்று தொடங்கினால் 'பி-என்' பாருங்கள், நியூமோனியா அப்படித்தான். 'ட' என்றால் 'பி-ரி'. கண்ணிமை தொங்கும் டோசிஸும் கண்ணில் சதை வளரும் டெரிஜியமும் அங்கே இருக்கும். 'ஸ' என்றால் எஸ், சி இரண்டையும் பார்த்துவிட்டு 'பி-எஸ்' போங்கள்; ஸோவாஸ் தசையும் சூடோமோனாஸ் கிருமியும் கிடைக்கும். ஸைஃபொய்ட், ஸீரோஸ்டோமியா போல இசட் ஒலியில் தொடங்கினால் எக்ஸ். 'க' என்றால் கே, சி மட்டுமல்ல, 'சி-எச்'சும் உண்டு. பித்தப்பையை அகற்றும் கோலிசிஸ்டெக்டமி, உடல் உருகிப்போகும் கக்கெக்ஸியாவின் நடுப்பகுதி. 'யூ' என்றால் 'ஈ-யூ', யூதைரொய்ட். 'ர' என்றால் 'ஆர்-எச்'. சொல்லின் நடுவில் வந்தால் ஆர் இரட்டிக்கும், ரைனோரியாவில் இரண்டும் இருக்கின்றன.

முதலெழுத்து கிடைக்காவிட்டால் வாலைப் பிடியுங்கள். இணையச் சொல்தேடிகள் பலவற்றில் தெரியாத பகுதிக்கு நட்சத்திரக் குறி போட்டு, தெரிந்த முடிவை மட்டும் கொடுத்துத் தேடலாம். ஆனால் வாலிலும் ஒரு பொறி உண்டு. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'ஒஸ்டமி' என்றால் வாய் திறந்து வைப்பது, 'ஒட்டமி' என்றால் கீறித் திறப்பது. அவசரமாகக் கதைக்கும் டொக்டரின் வாயில் மூன்றும் ஒன்றுதான். டியூப் செருகியதாக, பை பொருத்தியதாக அறிக்கையில் எங்காவது வந்தால் அது பெரும்பாலும் 'ஒஸ்டமி'.

இலங்கையில் படித்தவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது, இதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் புழங்குவது பிரித்தானிய எழுத்துக்கூட்டல். உணவுக்குழாயை நாம் 'ஓ' எழுத்தில் தொடங்குவோம், அமெரிக்கர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார்கள். வீக்கத்துக்கான எடிமாவும் அப்படியே. இரத்தச்சோகை, ஹீமோகுளோபின் எல்லாவற்றிலும் நம்முடைய 'ஏ-ஈ' அங்கே வெறும் 'ஈ'. நீங்கள் சரியாகக் கேட்டும் பிழை விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மருந்துப் பெயர்களே மாறுகின்றன: நம்முடைய பரசிட்டமோல் அங்கே அசிட்டமினோஃபென், சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெதிடின் மெபெரிடின், கிளிபென்கிளமைட் கிளைபியூரைட். அல்பியூட்டரோல் என்று அவர் தெளிவாகச் சொல்லும்போது உங்கள் காது அறிந்த மருந்தைத் தேடி வேறெங்கோ போய்விடும். இந்தப் பட்டியலை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு மாலை போதும், பிறகு அரைவாசித் தொல்லை இல்லை. உங்கள் கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்களை அதிகம் வாட்டும் இரட்டைச் சொற்கள். இங்கே விதி ஒன்றுதான்: ஒலி உங்களுக்கு இரண்டு மூன்று பெயர்களைத் தரும், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அறிக்கையின் மற்ற வரிகள்.

இலியம் என்று கேட்டால் மூன்றாவது எழுத்து 'ஈ'யா 'ஐ'யா என்று காது சொல்லாது. 'ஈ' வந்தால் சிறுகுடலின் கடைப்பகுதி, 'ஐ' வந்தால் இடுப்பெலும்பு. கொலனோஸ்கோப்பி, கிரோன் நோய், குடல் வெட்டி இணைத்தது என்று பேச்சு போனால் 'ஈ'. எலும்புத் துண்டு எடுத்து ஒட்டியது, இடுப்பு முறிவு என்றால் 'ஐ'. உரிச்சொல்லில் வித்தியாசம் தெளிவு: குடலுக்கு இலியல், எலும்புக்கு இலியாக். ஆகவே அறிக்கையில் வேறெங்காவது உரிச்சொல் வருகிறதா என்று பாருங்கள்.

பெரினியல், பெரோனியல், பெரிட்டோனியல் மூன்றும் இன்னும் மோசம். பிரசவத்தில் கிழிவு, தையல் என்றால் முதலாவது. பாதம் தொங்கிப்போனது, கணுக்கால், காலின் வெளிப்பக்கம் மரத்தது என்றால் இரண்டாவது. வயிற்றறை, டயாலிசிஸ், சத்திரசிகிச்சையில் உறையைத் திறந்தது என்றால் மூன்றாவது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் கால் நரம்புக்கு 'ஃபிபியுலர்' என்ற பெயரை உடற்கூற்றியலாளர் முன்வைக்கிறார்கள். டொக்டர்களின் வாய் இன்னும் மாறவில்லை. அவர் பெரோனியல் என்று சொன்னால் நீங்கள் அதைத்தான் எழுத வேண்டும், நவீனப்படுத்தக் கூடாது.

யூரிட்டரும் யூரித்ராவும் கருவியால் பிரியும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் ஸ்டென்ட் வைப்பார்கள், கல் அடைக்கும்; அது யூரிட்டர். ஃபோலி கதீற்றர் போவது யூரித்ரா வழியாக.

டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை, டிஸ்ஃபேஷியா பேச்சுக் குலைவு. பேரியம், எண்டோஸ்கோப்பி, திட உணவு, திரவ உணவு என்று வந்தால் முதலாவது. சொல் வராமல் தவிக்கிறார் என்றால் இரண்டாவது. இதுவரை எல்லாப் பயிற்சிப் புத்தகங்களும் சொல்லும். சொல்லாதது இது: பக்கவாத நோயாளருக்கு இரண்டுமே இருக்கலாம். பேச்சுச் சிகிச்சையாளரை அனுப்பினோம் என்ற வரியை வைத்துப் பேச்சுக் குலைவு என்று முடிவெடுத்துவிடாதீர்கள். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்தான். பக்கவாத அறிக்கையில் வேறு ஆதாரம் இல்லாவிட்டால் இது வெற்றிடத்துக்குரிய இடம்.

ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (கூடுதல்) இரண்டையும் எண்ணை வைத்துத் தீருங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் வழக்கமாக 3.5 முதல் 5.0 வரை. 2.9 என்று சொல்லி, பொட்டாசியம் கொடுத்தோம் என்றும் சொன்னால் அது ஹைப்போகலீமியா, ஒலி எப்படி இருந்தாலும். பிரஷருக்கும் அதே வழி: அம்லோடிபின் தொடங்கினால் ஹைப்பர், சேலைன் வேகமாக ஏற்றினால் ஹைப்போ. மூட்டசைவில் வரும் அப்டக்ஷன், அடக்ஷன் இரண்டையும் கவனமான டொக்டர்கள் 'ஏ-பி', 'ஏ-டி' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். சொல்லாவிட்டால், உடலிலிருந்து விலக்கினாரா உடலோடு சேர்த்தாரா என்பதற்கு விவரம் தேடுங்கள். விலக்குவது 'பி'.

'ஏ' என்ற ஒற்றை எழுத்து செய்யும் வேலையும் சிறிதல்ல. காய்ச்சல் உள்ளவர் ('ஏ ஃபெப்ரைல்') என்பதற்கும் இல்லாதவர் ('ஏஃபெப்ரைல்') என்பதற்கும், அறிகுறி உள்ளவர் என்பதற்கும் இல்லாதவர் என்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளிதான் நிற்கிறது. கணினி வரைவு அந்த இடைவெளியைத் தன்னிஷ்டப்படி போடும். அதே பந்தியில் உடல் வெப்பம் 98.6 ஃபாரன்ஹைட் என்றிருந்தால் காய்ச்சல் இல்லாதவர்.

கணினி வரைவைப் பற்றி ஒரு வார்த்தை. வெற்றுப் பக்கத்தில் தட்டச்சுச் செய்பவருக்குத் தெரியாத சொல் தெரியாததாகவே நிற்கும். வரைவில் அது சரளமான, அழகான, பிழையான சொல்லாக உட்கார்ந்திருக்கும். 'இல்லை' என்ற ஒரு சொல் விழுந்துபோனால் கட்டி இல்லாதவருக்குக் கட்டி வந்துவிடும், வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். ஒலியை ஓடவிட்டு, கண் வரிமேல் கூடவே போக வேண்டும். ஒலியை நிறுத்திவிட்டு வாசித்துத் திருத்துவது வேகமாகத்தான் இருக்கும். 'பிழையான சொல்' என்று திரும்பி வரும் ஃபைல்கள் பலவற்றில் அந்தப் பிழை நீங்கள் எழுதியதாக இராது, விட்டுவைத்ததாக இருக்கும்.

மருந்துகளுக்கு வருவோம். ஹைட்ராலசின் பிரஷருக்கு, ஹைட்ரொக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டிலும் 10, 25, 50 மில்லிகிராம் குளிசைகள் உண்டு. ஆகவே அளவு இங்கே கைகொடுக்காது, நோய்தான் சொல்ல வேண்டும். வலிப்புக்கான லாமிக்டலும் பூஞ்சணத்துக்கான லாமிசிலும், மூட்டுவலிக்கான செலிபிரெக்ஸும் மனச்சோர்வுக்கான செலெக்ஸாவும் இதே சாதி. குழப்பம் தாங்காமல் பெயரையே மாற்றியதும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்கான லோசெக், உடம்பு நீரைப் போக்கும் லேசிக்ஸோடு கலந்துபோனதால் அமெரிக்காவில் 1990-ல் பிரைலோசெக் ஆனது. மனச்சோர்வுக்கான பிரின்டெலிக்ஸ், இரத்தம் உறையாமல் காக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதால் 2016-ல் டிரின்டெலிக்ஸ் ஆனது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001 முதல் சில பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி வருகிறது. உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் அப்படி எழுதிவையுங்கள், கண்ணில் ஒட்டும். அறிக்கையில் எழுதுவது வாடிக்கையாளரின் விதிமுறையைப் பொறுத்தது.

அளவு கைகொடுக்கும் இடமும் நிறைய உண்டு. பதினைந்தா ஐம்பதா என்பது ஆங்கிலத்தில் நித்தியத் தொல்லை. மெட்டோபுரொலோல் 50 குளிசை உண்டு, 15 கிடையாது. மெலொக்சிகாம் 7.5, 15 என்று வரும், 50 கிடையாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் தளத்தில் எந்த மருந்துக்கும் எந்தெந்த அளவில் குளிசை விற்பனையில் இருக்கிறது என்று பார்க்கலாம், இலவசம். எழுதும்போது ஒன்று என்பதை 1 என்று மட்டும் எழுதுங்கள். புள்ளியும் பூச்சியமும் சேர்த்தால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். அரை என்றால் முன்னால் பூச்சியம் கட்டாயம்: 0.5. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2004-ல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் 1.0 என்று எழுதுவதும், முன்பூச்சியம் இல்லாமல் .5 என்று எழுதுவதும் இருக்கின்றன. தையல் நூல் மட்டும் வேறு கணக்கு: 'த்ரீ ஓ' என்று சொன்னால் 3-0, நடுவில் சிறு கோடு. அது 30-உம் இல்லை, 3.0-உம் இல்லை.

சுருக்கெழுத்துகளில் ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். 'சி-வி-ஏ' என்றால் பக்கவாதம் என்று விரித்து எழுதக் கை துடிக்கும். முதுகைத் தட்டிப் பார்த்து 'சி-வி-ஏ'யில் நோவு இல்லை என்று சொன்னால் அது விலாவும் முள்ளந்தண்டும் சேரும் கோணம், சிறுநீரகச் சோதனை. வாடிக்கையாளர் கேட்காத இடத்தில் சுருக்கத்தை விரிக்காதீர்கள்.

டொக்டரே பிழையாகச் சொன்னால்? பொட்டாசியம் 2.9 என்றும் ஹைப்பர்கலீமியா என்றும் தெளிவாகச் சொல்கிறார் என்று வைப்போம். அதைத் திருத்துவது உங்கள் அதிகாரம் இல்லை, எண்ணைத்தான் அவர் பிழையாக வாசித்திருக்கவும் கூடும். வாடிக்கையாளரின் விதிமுறை வேறு வழி சொல்லாவிட்டால், சொன்னபடியே எழுதி, முரண்பாட்டைக் குறித்து அனுப்புங்கள். காதுக்குத் தெளிவில்லாத இடத்தில் எண்ணை வைத்து முடிவெடுப்பது வேறு, தெளிவாகச் சொன்னதை மாற்றுவது வேறு.

வெற்றிடம் விடுவதைப் பற்றி உங்கள் தரம் பார்ப்பவரோடு நான் முழுக்க முரண்படவில்லை. வெறும் கோடு போட்டு அனுப்பினால் அவருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அவர் முழுவதையும் மீண்டும் கேட்க வேண்டும். வேலை செய்த வெற்றிடம் வேறு மாதிரி இருக்கும். கோட்டோடு சேர்த்து ஆங்கிலத்தில் இந்த விவரங்களைக் கொடுங்கள்: 03:42 என்று நேரம்; ஹைட்ராலசின் அல்லது ஹைட்ரொக்சிசின் போல் ஒலிக்கிறது; 25 மில்லிகிராம்; அறிக்கையில் பிரஷரும் உண்டு, அரிப்பும் உண்டு, முடிவாகவில்லை. இதை அவர் அரை நிமிடத்தில் தீர்ப்பார், இல்லாவிட்டால் டொக்டருக்கு அப்படியே அனுப்புவார். இதையும் 'கூடிப்போச்சு' என்று அவர் திருப்பினால், பிழை அவருடையது; ஊகித்து எழுதும்படி எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

குறிப்பேட்டை அகரவரிசையில் வைக்க வேண்டாம். டொக்டர் வாரியாக வையுங்கள். ஒரே டொக்டர் அதே கருவிகளையும் அதே மருந்துகளையும் அதே வாக்கியங்களையும்தான் சுழற்றுவார். அவருடைய பழைய அறிக்கைகளைப் பார்க்க நிறுவனம் அனுமதித்தால் அதைவிடச் சிறந்த அகராதி இல்லை. சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதிவைத்தால் ஆங்கிலத்தின் b, p இரண்டும் ஒரே 'பி' ஆகி, இலியம் இரண்டும் ஒன்றாகி, குறிப்பே குழப்பமாகும். அவர் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்பதை மட்டும் பக்கத்தில் தமிழில் போடலாம், அதற்குத் தமிழ் வசதி. நோயாளரின் பெயரோ திகதியோ குறிப்பேட்டில் வரக்கூடாது. தானாக விரியும் குறுக்குவழிகள் வைத்திருந்தால், ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு குறுக்குவழி வைக்காதீர்கள். ஹைப்போவுக்கும் ஹைப்பருக்கும் விசைப்பலகையில் வெகுதூரம் இருக்கட்டும்.

தெரியாத சொல்லை யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம். ஒலித்துண்டை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'இது என்ன சொல்?' என்று கேட்கும் பழக்கம் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடையே பரவியிருக்கிறது. அறிக்கைப் பந்தியை அப்படியே தேடுபொறியிலோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிலோ ஒட்டுவதும் அதே வகைதான். நோயாளர் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் 1996-ம் ஆண்டு ஹிப்பா சட்டத்தின்படி வேலை தந்தவரோடு நீங்கள் செய்த ஒப்பந்தம் அதற்கு இடம் தராது. இலங்கையிலும் 2022-ன் 9-ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்திருக்கிறது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் தோழியிடம் 'பாதம் தொங்கினால் எந்த நரம்பு?' என்று தாராளமாகக் கேட்கலாம். ஒலியையும் பந்தியையும் மட்டும் காட்டாதீர்கள்.

கடைசியாக நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைகாலத்து நண்பகல் என்றால் உங்களுக்கு இரவு ஒன்பதரை. குளிர்காலத்தில் பத்தரை. சந்தேகக் குறிப்புள்ள ஃபைல்களை முதலில் முடித்து அதற்கு முன்னே அனுப்பிவிட்டால், டொக்டர் வேலையில் இருக்கும்போதே பதில் வாங்கலாம். விடியற்காலையில் அனுப்பினால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார், அடுத்த நாள் அந்த நோயாளரை அவருக்கே ஞாபகம் இராது.